சுருங்கும் பூட்ஸ்

ஒருரோ நகரத் திருவிழாவில் கிலுகிலுப்பை ஆட்டக் குழுவின் முன்வரிசை நாயகன் இலாரியோன். பல வருடம் பின்வரிசையில் வியர்த்துப் பிடித்த இடம். கோயில் வாசல்வரை முதல் ஆளாக ஆடிப்போக உயிரையும் விடத் தயாராக இருந்தார். உயிரும் அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

முதலில் ஆட்ட பூட்ஸ் காலில் ஏறவில்லை. அதைத் தைத்த எலெயுத்தேரியோவிடம் சண்டைக்குப் போனார்.

"தோல் எப்படிங்க வாரத்துக்கு வாரம் சுருங்கும்?" என்றான் அவன்.

"மட்டமான தோல்னா சுருங்கும்யா!"

ஒத்திகையில் மூச்சு வாங்கியது. ஆட்ட முகமூடியின் மூக்குத் துளையை அறுத்துப் பெரிதாக்கினார். தலை சுற்றி விழப் பார்த்தபோது, ஊதுகுழல்காரன் சுருதி தப்பியதாகக் குழுவில் கண்டனத் தீர்மானம் போட்டார். படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினார். தலைவனுக்கு முதுகு நிமிர்ந்திருக்க வேண்டுமாம்.

மனைவி பிரிமித்திவா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பூட்ஸ் சுருங்குது, மாடிப்படி வளருது. ஊரே கெட்டுப்போச்சு, நீங்க மட்டும் நல்லாத்தான் இருக்கீங்க. சரி, வீட்டு ரப்பர் செருப்பு ஏன் ஏறல? அதையும் எலெயுத்தேரியோவா தைச்சான்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். பிசைந்த மாவில் விழுந்ததுபோலக் குழி நின்றது. அது மேலே வரட்டும் என்று இலாரியோன் காத்திருந்தார். வரவில்லை. பழிபோட யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

மறுநாள் டாக்டரம்மா கேட்டாள்: "சின்ன வயசுல பள்ளத்தாக்குல மண் வீடா? சுவர்ல ரத்தம் குடிக்கிற வின்சூக்கா பூச்சி இருந்துச்சா?"

"பூச்சியில்லாத வீடு யார்கிட்ட இருந்துச்சு டாக்டர்?"

ரத்தத்தையும் நெஞ்சையும் சோதித்தார்கள். பூச்சி அன்றைக்குக் கொடுத்த கிருமி இதயத் தசையை மெல்ல மெல்லத் தளர்த்தியிருந்தது. அதனால்தான் காலில் நீர் கோத்து வீங்கியிருந்தது. மாத்திரை உண்டு, உப்பு குறைவு, ஆட்டம் கிடையாது.

"முகமூடியாவது போட்டுக்கலாமா?"

"வீட்டுல போட்டுக்கோங்க."

திருவிழா நாளில் கால்களை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில், அவருடைய இடத்தில், எதிரி வென்செஸ்லாவோ ஆடிவந்தான். அவர் அருகே நின்று முகமூடியைத் தூக்கினான்.

"மச்சான், எலெயுத்தேரியோ தைச்ச புது பூட்ஸ். உயிர் போகுது!"

இலாரியோன் சட்டென்று முன்னால் குனிந்தார். "கழட்டுடா!"

"இங்கேயா? உன் இடத்தைப் பிடிச்சேன்னு பழி வாங்கறியா?"

"கழட்டுடான்னா!"

அவன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்ததும் சதை மேலே வந்தது, குழி இல்லை. மறுகாலையும் பார்த்தார். அதுவும் அப்படியே. இலாரியோனுக்கு நிம்மதிதான். கொஞ்சம் ஏமாற்றமும்தான்.

"உனக்கு ஒண்ணுமில்லடா. பூட்ஸ்தான் சின்னது," என்றார். "அந்த எலெயுத்தேரியோவைக் கூப்பிடு. இப்பவாவது ஒத்துக்கறானா பாப்போம்!"