உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லவும்

நாற்பத்து நான்கு வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனதற்குக் காரணம் கொழுப்பு. வாயில் எனக்கிருக்கும் கொழுப்பைப் பற்றி என் வீட்டுக்காரருக்கு இருபது வருஷமாகத் தெரியும். ரத்தத்திலும் இருக்கிறது என்பது போன மாதம்தான் தெரிந்தது.

என் மேல் இமைகளில், மூக்கை ஒட்டி, மஞ்சளாகச் சின்னத் திட்டு உண்டு. அப்பாவுக்கும் அதே இடத்தில் இருந்தது. எங்கள் அத்தை அதை அதிர்ஷ்ட முத்திரை என்பாள். எனக்கு அது வந்தபோது, பரம்பரைச் சொத்தில் பங்கு கிடைத்தவளைப் போல என்னை எல்லோரிடமும் காட்டினாள். அந்த அதிர்ஷ்டத்தோடுதான் அப்பா ஐம்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தார். அப்போதும் எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. திட்டு பெரிதாகி முகத்தைக் கெடுக்கிறதே என்று அதை எடுத்துவிடத் தோல் டாக்டரிடம் போனேன். அவர் திட்டைத் தொடவே இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, இதய டாக்டரிடம் என்னைத் தள்ளிவிட்டார்.

இதய டாக்டர் என்னைவிட மூத்த பெண்மணி. முடிவுத் தாளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"கெட்ட கொழுப்பு இருநூத்தி எழுபது. இது நீங்க சாப்பிட்டுச் சேர்த்தது இல்லம்மா. பிறக்கும்போதே கூட வந்தது. ஸ்டேட்டின்னு ஒரு மாத்திரை தர்றேன். ராத்திரிக்கு ஒண்ணு, வாழ்நாள் முழுக்க. நல்லாத்தானே இருக்கோம்னு நடுவுல நிறுத்திடாதீங்க. இது வந்த நோய்க்கு இல்ல, வராம இருக்கறதுக்கு. வீட்ல யாருக்காவது சின்ன வயசுல மாரடைப்பு வந்திருக்கா?"

"அப்பாவுக்கு வந்தது. ஆனா அது சண்டையில வந்தது, டாக்டர்."

"சண்டையிலயா?"

"என் தம்பி எதிர்த்துப் பேசினான். அந்த அதிர்ச்சியில அப்படியே விழுந்துட்டாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சண்டை எல்லா வீட்லயும்தான் நடக்குது. எல்லா வீட்லயுமா ஆள் விழறாங்க? உங்க அப்பாவோட ரத்தக்குழாய் அவர் பிறந்ததுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அடைஞ்சுகிட்டு வந்திருக்கும்மா. அன்னைக்கு இல்லன்னா அடுத்த வாரம், மாடிப்படி ஏறும்போது விழுந்திருப்பார். பாவம், தம்பி என்ன பண்ணுவார்?"

பிறகு மருந்துச் சீட்டின் அடியில் 'உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லவும்' என்று எழுதி, கீழே கோடு போட்டார். "தம்பி இந்த ஊர்லதானே இருக்கார்? இன்னைக்கே சொல்லிடுங்க. அவருக்கும் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. தெரியாம இருக்கற ஒவ்வொரு நாளும் ஆபத்துதான்."

சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றுகொண்டு அழுதேன். முன்னால் நின்றவர் என் நோய் முற்றிவிட்டது என்று நினைத்து எனக்கு வழிவிட்டார்.

தம்பியோடு நான் பேசிப் பதினோரு வருஷம். அவன் அப்பா வாங்கிக் கொடுத்த அலுவலக வேலையை விட்டுவிட்டு வண்டி ஓட்டப் போகிறேன் என்றான். அப்பா கத்தினார், அவனும் கத்தினான். அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அம்மா முன்பே போய்விட்டதால் அந்த வீட்டில் பெரியவள் நான்தான், பொறுப்பாக நடந்துகொண்டிருக்க வேண்டியவளும் நான்தான். மறுநாள் சொந்தக்காரர்கள் கூடியிருந்த கூடத்தில், அவன் ஓர் ஓரமாக நின்று எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "நீதான்டா அப்பாவக் கொன்ன" என்றேன். அவன் சொம்பை மேஜைமேல் வைத்தான். காரியமெல்லாம் முடிகிறவரை இருந்துவிட்டுப் போனவன் அப்புறம் வரவே இல்லை.

கோபம் எனக்கு ஆறு மாதம்கூட நிற்கவில்லை. பாழாய்ப்போன வீம்புதான் நின்றது. நான் வேலை பார்ப்பது செருப்புக் கடையில். நாள் முழுக்க ஊராரின் பாதங்களோடுதான் என் பிழைப்பு. தம்பிக்குக் குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பு கயிறு மாதிரித் தடித்திருக்கும். பள்ளிக்கூடத்து ஷூ அங்கேதான் அவனைக் கடிக்கும். பின்பக்கத்தைத் தட்டித் தட்டி நான்தான் இளக்கிக் கொடுப்பேன். அதுவும் இந்தக் கொழுப்பின் வேலையாம், டாக்டர் சொல்லித்தான் தெரியும். கடையில் எந்த ஆண்பிள்ளையின் காலைத் தொட்டாலும் அந்த இடத்தைப் பார்த்துவிடுவேன். கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தால் போதும், நெஞ்சு ஒருமுறை துள்ளும். நிமிர்ந்தால் யாரோ ஒருவர் எட்டாம் நம்பரில் வேறு நிறம் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அவன் வேண்டியிருந்தது. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை, அவ்வளவுதான்.

டாக்டரிடம் போய்வந்த அன்று மூன்று முறை அவனுக்குப் போன் போட்டு, மூன்று முறையும் மணி அடிப்பதற்குள் துண்டித்தேன். வீட்டுக்காரரைப் போய்ச் சொல்லச் சொன்னேன். "சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துடுவேன். நீ சொன்ன வார்த்தைய நான் போய் எப்படித் திருப்பி வாங்கறது?" என்றார். இந்த மனுஷன் நியாயமாகப் பேசும்போதுதான் எனக்கு அதிகமாக எரிச்சல் வரும்.

தம்பி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் மாஸ்டராக இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். யோசித்துப் பார்த்தேன். போனை அவன் வைத்துவிடலாம், வீட்டுக் கதவைச் சாத்திவிடலாம். காரில் பாடம் எடுக்கும்போது மட்டும் ஒரு மணி நேரம் இறங்க முடியாது. பத்துப் பாடத்துக்குப் பணம் கட்டி, விண்ணப்பப் பாரத்தில் பெயரைக் கிறுக்கலாக எழுதிக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

பள்ளி என்றால் ஒரே அறை. சுவர் முழுக்கச் சாலைக் குறிகள், நடுவில் ஒரு மேஜை. வாசலில் கூரைமேல் பலகை வைத்த சின்னக் கார் நின்றது. கையில் பாரத்தோடு வந்த தம்பிக்குக் காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான். பாரத்தைப் பார்த்தான். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"உட்காருங்க. சீட்ட முன்னாடி இழுத்துக்கங்க. பெல்ட் போடுங்க."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு என் தம்பி என்னை 'நீங்க' என்றான். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"இது கிளட்ச். இது பிரேக். இது ஆக்சிலேட்டர். பயப்பட வேணாம், என் காலுக்குக் கீழயும் கிளட்ச், பிரேக் இருக்கு. ரோட்டை மட்டும் பாருங்க."

கிடங்குகளின் மதில் ஓரமாகப் போகும் ஆளில்லாத சாலைக்கு அவனே ஓட்டிவந்து, என்னிடம் ஒப்படைத்தான். எடுத்த எடுப்பில் மூன்று முறை எஞ்சினை அணைத்தேன். நான்காவது முறை வண்டி ஊர்ந்தது. பேச வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்தேன், அதில் ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

"எனக்குக் கொலஸ்ட்ரால்டா."

"கண்ணாடியப் பாருங்க."

"பரம்பரையா வருதாம். அப்பாவுக்கு இருந்ததாம். கண்ணுல இருக்கற மஞ்சளே அதுதானாம். அத்தை அத அதிர்ஷ்டம்னு..."

"இண்டிகேட்டர் போடுங்க. அது வைப்பர்."

மழையில்லாத கண்ணாடியில் வைப்பர் கிறீச்சென்று ஆடியது. "உனக்கும் இருக்கும். குதிகால் தடிப்பு அதுதான். ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கோ. மாத்திரை இருக்கு, தினமும் போட்டா ஒண்ணும் ஆகாது. என்மேல இருக்கற கோவத்துல இதையும் தட்டிவிட்டுடாத. உன்னக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"செகண்ட் கியர்."

"அப்பாவ நீ கொல்லலடா."

இதைச் சொன்னபோது இரண்டு காலையும் தூக்கிவிட்டேன் போலிருக்கிறது. வண்டி குலுங்கி நின்றது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தம்பி கையை நீட்டி அதை நிறுத்தினான்.

"தெரியும்" என்றான்.

தன் முன்னால் இருந்த டாஷ்போர்டைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் மடியில் வைத்தான். நான் போடும் அதே மாத்திரை. எனக்கு இருபது மில்லிகிராம், அவனுக்கு நாற்பது. சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றிலும் என்னைவிட ஒரு பங்கு கூடுதலாகக் கேட்கிறவன்தான்.

"எத்தன நாளா?"

"ஆறு வருஷமா. லைசென்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் போனப்ப கண்டுபிடிச்சாங்க. அப்பாவோட கதையக் கேட்டுட்டு அந்த டாக்டரும் இதையேதான் சொன்னாரு. கூடப் பிறந்தவங்க இருந்தாச் சொல்லிடுங்கன்னாரு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. இவன் தலைமேல் நான் ஏற்றிய சுமையை இறக்கிவைக்க ஓடோடி வந்தால், ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே அது இறங்கிவிட்டிருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் அந்த ஆறு வருஷமும் என் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று இவனுக்குத் தெரியும்.

"அடப்பாவி! ஆறு வருஷமா வாயத் தொறக்கலையே. நடுவுல நான் செத்துப்போயிருந்தா?"

தம்பி மதிலைப் பார்த்தபடி பேசினான். "ரெண்டு தடவ அந்த ரத்த டெஸ்ட் தாளோட உன் கடை வாசல் வரைக்கும் வந்தேன். நான் கொல்லலன்னு சாட்சியோட வாதாட வந்திருக்கேன்னு நெனச்சுடுவியோன்னு திரும்பிட்டேன். நீயா ஒரு நாள் வந்து சொல்லணும்னு எனக்கு இருந்துச்சு. உன் வாயாலயே வரணும்னு. தப்புதான். தெரிஞ்சே பண்ணின தப்பு."

'நீ' என்று சொல்லிவிட்டான்.

"ஆனா பயமா இருந்துச்சு. அதனால காலைப் பாடத்துக்கு யார் வந்தாலும் உன் கடைத் தெரு வழியாத்தான் ஓட்டவைப்பேன். கடைக் கண்ணாடிக்குப் பின்னாடி நீ தெரிவ. ஒரு சின்ன முக்காலில உக்காந்து யாருக்காவது செருப்பு மாட்டி விட்டுட்டு இருப்ப. பாத்துட்டேன்னா அன்னைக்குப் போதும். செவ்வாய்க்கிழமை உனக்கு லீவு, அது தெரியும். போன வருஷம் மூணு நாள் தொடர்ந்து உன்னக் காணோம். ஒன்பதாம் நம்பர் ஷூ இருக்கான்னு கேக்கற மாதிரி கடைக்குப் போன் பண்ணினேன். வெளியூர் போயிருக்காங்கன்னு சொன்னாங்க. அப்புறம்தான் சாப்பாடு எறங்குச்சு."

"வேவு பாக்கத் தெரிஞ்சவனுக்கு உள்ள வந்து சொல்லித் தொலைக்கத் தெரியலையா?"

"சொல்லியிருக்கலாம்."

"நானும் போன்ல பேசித் தொலைச்சிருக்கலாம்" என்றேன். இவனை மட்டும் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? பதினோரு வருஷம் நான் ஊரான் வீட்டுக் குதிகால்களில் இவனைத் தேடினேன். இவன் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறான். நடுவில் இருந்தது நடந்தே போகிற தூரம்.

"நான் சொன்னது தப்புடா. எல்லார் முன்னாடியும் சொன்னேன். எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு இல்லன்னு சொல்றேன்."

"எல்லாரும் எங்க இருக்காங்க? அதுல பாதிப் பேர் இப்ப இல்லவே இல்ல." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "வண்டிய எடு. பாடம் நேரம் போகுது."

எடுத்தேன். இந்த முறை அணையவில்லை. மதில் முடிந்து கடைகள் தொடங்கின. நேராகப் போகச் சொன்னான், அடுத்து திரும்பச் சொன்னான். தெரு பழகியதாக இருக்கிறதே என்று பார்த்தால், அது என் கடைத் தெரு. வேண்டுமென்றே வரவில்லை; பழக்கத்தில் அவன் வாய் தானாக வழி சொல்லிவிட்டது, பாவம். நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போனேன். தையல் கடை, மருந்துக் கடை, அதற்கடுத்தது எங்கள் கண்ணாடி. நான் வேலை பார்க்கும் இடத்தை இப்படித் தெருவிலிருந்து நான் பார்த்ததே இல்லை.

திடீரென்று வண்டி முட்டியது போல நின்றது. பெல்ட் தோளை அறுத்தது. குறுக்கே ஒரு பூனைகூட இல்லை. என் கால் ஆக்சிலேட்டரில்தான் இருந்தது. பிரேக்கை மிதித்தது அவன்.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைத் தாண்டி, கடைக் கண்ணாடிக்குள், ஆளில்லாத முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?" என்றேன்.

அவன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். முழுசாக ஒரு மூச்சு விடும் நேரம் பார்த்தான்.

"இன்னைக்கு வியாழக்கிழமைக்கா" என்றான். "உன்னக் காணோமேன்னு பயந்துட்டேன்."