சட்டைப் பையில் இருந்த கம்பி

ஆயிரத்து எண்ணூறு திர்ஹம். அந்தக் கூலிப் பாக்கியோடு விமானி திஜானி வாசலில் வந்து நின்றபோது, மிலூத் தன் அண்ணன் புஅஸ்ஸாவின் மையித்தைக் குளிப்பாட்டுவதற்காக அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கார்புரேட்டர் வேலைக்கு, தம்பி. உங்க அண்ணன் நேத்தே கேட்டாரு. மருந்து அடிச்சிட்டு வந்து தரேன்னேன். அடக்கத்துக்கு முன்னாடி குடுத்துடணும். தொழுகை முடிஞ்சதும் பறக்கணும், ஆலிவ் தோட்டத்துக்காரன் போன்லயே கத்துறான்."

மிலூத்தின் விரல்கள் சட்டைப் பைக்குள் நின்றுவிட்டன. உள்ளே சாண் நீள எஃகுக் கம்பி. புதிதாக வெட்டியது.

விமானத்தின் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினால், கடைசியாக அதன் பெட்ரோல் வடிகட்டித் திருகைக் கம்பியால் கட்டுவார் புஅஸ்ஸா, அதிர்வில் அவிழாமலிருக்க. கம்பியை முன்னாலேயே வெட்டிப் பையில் போட்டுக்கொள்வார். நேற்று, "நெஞ்சு என்னமோ பண்ணுது, கொஞ்சம் படுத்துட்டு வரேன்டா" என்று எஞ்சினுக்கு அடியிலிருந்து எழுந்து போனவர், படுத்த இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வேலை முடிந்துவிட்டதென்று நினைத்து எஞ்சின் தகட்டை மூடியவன் மிலூத்.

"காச உள்ள வைங்க கேப்டன். வேலை முடியல."

"என்னப்பா சொல்ற? நானே ஓட்டிப் பாத்தேன். தையல் மிஷின் மாதிரி ஓடுச்சு."

"தரையில ஓடும். மேல போயி திருகு கழண்டு பெட்ரோல் கொட்டுனா, உங்களுக்கும் சேத்துக் குழி வெட்டணும்."

திஜானி பணத்தை மறுபடி பைக்குள் வைத்தார்.

கஃபன் துணி சுற்றி முடித்ததும் இருவரும் ஓடுதளத்துக்குப் போனார்கள். தகட்டைத் திறந்து மிலூத் விரல் வைத்தான். திருகு அசைந்து கொடுத்தது. ஸ்பேனரால் இறுக்கினான். அண்ணன் வெட்டி வைத்த கம்பியைக் கோத்து, முறுக்கி, கையைக் கிழிக்காதபடி முனையை உள்ளே மடக்கினான். கற்பூரம் மணத்த விரல்களில் பெட்ரோல் வாடை ஏறியது.

"அவரு கட்டுற மாதிரியே இருக்குப்பா."

"இல்ல. அவரு முறுக்கு இன்னும் நெருக்கமா இருக்கும்." துணியில் கை துடைத்தான். "இப்ப குடுங்க."

திஜானி எண்ணிக் கொடுத்தார். மிலூத் மறுபடியும் எண்ணினான். பிறகு இருவரும் ஜனாஸாவைத் தூக்கப் போனார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது தலைக்கு மேல் அந்த விமானம் ஆலிவ் தோட்டங்கள் பக்கம் போனது. சத்தம் தேயும்வரை மிலூத் முற்றத்திலேயே நின்றான். உள்ளே போய்ப் பணத்தை அண்ணியிடம் கொடுத்தான். ஆணியில் தொங்கிய அண்ணனின் சட்டையை எடுத்து மடிக்கப் போனவன், பைக்குள் ஒருமுறை கைவிட்டுப் பார்த்தான்.

காலியாக இருந்தது.