தபால்தலையில் எந்தக் கை?

தபால்தலைப் பிரிவின் ஓவியருக்கு அந்த வருடம் வந்த வேலை, பித்தளை வாத்தியங்கள் செய்த ஒரு பட்டறைக்காரரின் முகம். விரலால் அழுத்தும் மூன்று வால்வு வைத்த புதுமாதிரிக் குழலைக் கண்டுபிடித்தவர். இறந்து நூறு வருடம் ஆகிறது. அவருக்கு இருந்தது ஒரே படம். இரும்புத் தகட்டில் எடுத்தது. வலது கை விரல்கள் வால்வுகளின் மேல் இருந்தன. அதைப் பார்த்து அவள் ஐந்து வாரம் உட்கார்ந்து வரைந்தாள்.

அதிகாரி கூப்பிட்டார்.

"முகம் இடது பக்கம் பாக்குதும்மா. எழுத்து வலது பக்கம் இருக்கு. எழுத்தோட சண்டை போட்டுக்கிட்டுத் திரும்பின மாதிரி இருக்காரு. படத்தை அப்படியே திருப்பிப் போடுங்க."

"திருப்பினா கையும் மாறிடும் சார். வால்வை வலது கையாலதான் அழுத்துவாங்க. என் நாத்தனார் தீயணைப்பு பேண்டுல ட்ரம்பெட் வாசிக்கிறா. அவளே சிரிப்பா."

"உங்க நாத்தனார் பூதக்கண்ணாடி வெச்சுக்கிட்டா ஸ்டாம்ப் ஒட்டுறாங்க?"

"அப்ப எழுத்தை இடது பக்கம் கொண்டு போயிடலாமே?"

"எழுத்துக்கு மேலிடத்துல அனுமதி வாங்கியாச்சு."

அவள் மேலிடத்துக்கு மூன்று குறிப்புகள் எழுதினாள். முதலாவது தொலைந்தது. இரண்டாவது, 'வால்வு என்றால் என்ன?' என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. மூன்றாவதன் கீழே 'பார்த்தேன்' என்று மட்டும் இருந்தது. திருப்பிய படம் அச்சுக்குப் போனது.

மாதிரித் தாளைப் பார்த்த நாத்தனார் கொதித்துவிட்டாள். "என்ன அண்ணி இது! செருப்பைக் கால் மாத்திப் போட்ட மாதிரி இருக்கு!"

"நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே!"

அன்றைக்கே பேண்டுக்காரர்கள் சங்கத்திலிருந்து இரண்டு பக்கப் புகார் போனது.

வெளியீட்டு விழாவுக்குப் பட்டறைக்காரரின் கொள்ளுப்பேத்தி வந்திருந்தார். பல் டாக்டர். தபால்தலையைக் கையில் வாங்கியதும் அவர் கண் கலங்கியது.

"தாத்தாவைச் சரியா வரைஞ்சது நீங்க ஒருத்தர்தான். அவர் இடதுகைக்காரர். அந்தக் காலத்துத் தகட்டுப் படம் கண்ணாடி மாதிரி, இடம் வலமாத்தான் விழும். எல்லாரும் அதைப் பார்த்தே வரைஞ்சாங்க."

கொண்டுவந்த பெட்டியைத் திறந்தார். முதல் குழல். சுண்டுவிரல் மாட்டும் வளையம் இடது கைக்கு வாகாக இருந்தது.

"ஆராய்ச்சி பண்ணாம நாங்க எதையும் செய்யறதில்லை," என்றார் அதிகாரி, கூசாமல்.

ஓவியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் அந்த வளையத்தில் தன் சுண்டுவிரலை ஒருமுறை நுழைத்துப் பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை, சங்கத்தின் புகார் அதிகாரியின் குறிப்போடு அவள் மேஜைக்கே வந்தது. 'வாத்தியம் பற்றி அறிந்தவர் என்ற முறையில் தாங்களே பதில் எழுதவும்.' கூடவே அவளுடைய மூன்று குறிப்புகளும், தொலைந்துபோனது உட்பட. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: படத்தில் பிழை இல்லை.

பதில் கடிதத்தோடு நாத்தனார் வந்து நின்றாள். "இது உங்க கையெழுத்தா அண்ணி?"

"ஆமா."

"உங்க பேச்சை நம்பித்தான் பத்தொன்பது பேர் புகார்ல கையெழுத்துப் போட்டாங்க!"

"அவர் இடதுகைக்காரராம். போய்ச் சொல்லிடு."

"நான் சொல்ல மாட்டேன். என்னைப் பிச்சுப்புடுவாங்க. நீங்களே வாங்க."

சனிக்கிழமை, பழைய படத்தின் நகலையும் குளியலறையில் கழற்றிய கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு, முணுமுணுத்தபடியே தீயணைப்பு நிலையத்துக்குக் கிளம்பினாள்.