நோரீன் பேசும் நாள்

டெல்பர்ட் தரையில் முட்டி போட்டு மனைவியின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். நேற்றுவரை நோரீனே மாட்டிக்கொண்டாள். இன்று அவளால் குனிய முடியவில்லை. கணுக்கால் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் நோரீன்."

"இன்னிக்கு நான் பேசற நாள், டெல். நாளைக்குப் போலாம்."

"உதடெல்லாம் நீலமா இருக்கு."

"அதுக்குத்தானே இது இருக்கு," என்று லிப்ஸ்டிக்கை எடுத்தாள். "நீ வாயத் திறந்தே, அவ்வளவுதான். இருதயம்னு தெரிஞ்சா பெட்டியக் கட்டச் சொல்லிடுவாங்க. என் இடத்துக்கு எத்தன பேர் காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா?"

அப்படி ஒரு விதி உண்டா என்று டெல்பர்ட் யாரையும் கேட்டதில்லை. அவள் சொன்னால் சொன்னதுதான். நெப்ராஸ்காவில் ஒரு சின்னக் கல்லூரியில், பாதி தூக்கத்தில் வரும் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லித் தேய்ந்தவள் அவள். கல்லூரி ஆசிரியர்களுக்கான இந்தக் கோடைப் படிப்புக்கு வருஷா வருஷம் விண்ணப்பித்தாள். வருஷா வருஷம் வருந்துகிறோம் என்று பதில் வந்தது. இந்த முறைதான் இடம் கிடைத்தது. அரசாங்கச் செலவில் மாசச்சூசெட்ஸில் தங்கி, அந்தக் காலத்துப் பஞ்சாலைப் பெண்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் படிக்கலாம், ஆளுக்கு ஒரு நாள் அதைப் பற்றிப் பேசலாம். லாரி ஓட்டி ஓய்ந்த டெல்பர்ட் துணைக்கு வந்தார். மாணவர் விடுதியின் ஒடுக்கமான கட்டிலில் படுத்தபடி ராத்திரி முழுக்க அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவர் வேலையாகிவிட்டது. பயம் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

புல்வெளியைத் தாண்டுவதற்குள் நோரீன் மூன்று இடத்தில் நின்றாள். பூவைப் பார்ப்பதுபோல் நின்றாள்.

"உள்ள யாராச்சும் திக்குமுக்காட வச்சுட்டா என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

"அங்க யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. கேள்வி கேட்டா, பதில் வர்ற வரைக்கும் மூச்சு விடாம காத்திருப்பாங்க. எல்லாரும் வாத்தியாருங்க இல்லையா? வகுப்புல பிள்ளைங்களுக்காகப் பழகினது." அவள் முகம் மலர்ந்தது. "என் பதிலுக்காக யார் காத்திருந்திருக்காங்க, சொல்லு?"

டெல்பர்ட் அவளைக் கதவு வரை கொண்டுவிட்டு, தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

கண்ணாடிக் கதவு வழியே உள்ளே தெரிந்தது. பெரிய மேசையைச் சுற்றி ஆசிரியர்கள். நோரீன் பேசினாள், கையை ஆட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள். டெல்பர்ட்டுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பிறகு படிப்பை நடத்தும் பேராசிரியை பெட்ரா லிண்ட் ஏதோ கேட்டார். நோரீன் தலையசைத்து, தாடையைக் கையில் தாங்கி, கடிதத்தின் மேல் குனிந்தாள்.

அறை அமைதியானது. யாரும் நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. ஒருவர் பேனாவை மூடிவைத்துவிட்டுப் புன்னகையோடு காத்திருந்தார்.

டெல்பர்ட் எழுந்து நின்றார். யோசிக்கும்போது காலாட்டுவது நோரீனின் பழக்கம். மேசைக்கடியில் அந்தக் கால் அசையவில்லை.

உள்ளே போனால் குட்டு உடைந்துவிடும். போகாவிட்டால்? கதவின் பிடியைப் பற்றினார். திறந்தார். எல்லோரும் திரும்பினார்கள். பெட்ரா லிண்ட் உதட்டில் விரல் வைத்து மெல்லச் சொன்னார்: "கொஞ்சம் இருங்க. யோசிக்கிறாங்க."

டெல்பர்ட் நிற்கவில்லை. நேரே போய் அவள் தோளைத் தொட்டார். தாடையைத் தாங்கியிருந்த கை வழுக்கி விழுந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவளைத் தரையில் கிடத்தி, நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். கடைசியில் நிறுத்திவிட்டு ஒரு துணியை இழுத்துக் கழுத்துவரை போர்த்தினார்கள். ஆசிரியர்கள் சுவரோடு சுவராக நின்றார்கள். "நாங்க சும்மா உட்கார்ந்துட்டிருந்தோமே, கடவுளே," என்று பெட்ரா லிண்ட் அழுதார்.

நோரீனின் அருகே தரையில் உட்கார்ந்திருந்த டெல்பர்ட்டின் பக்கத்தில் ஆம்புலன்ஸ் பெண் மண்டியிட்டாள். "மன்னிச்சுக்கோங்க ஐயா. எழுதிக்கணும். இவங்களுக்கு இருதயத்துல ஏதாவது கோளாறு இருந்துச்சா?"

அறை முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. டெல்பர்ட் நோரீனைப் பார்த்தார். உதட்டுச் சாயம் ஒரு ஓரத்தில் கலைந்து, அடியில் நீலம் தெரிந்தது. கட்டைவிரலால் சாயத்தை அதன்மேல் இழுத்துவிட்டார்.

"இல்லம்மா," என்றார். "ஒண்ணும் இருந்ததில்ல."