மாதா படத்துக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொத்தான்

1.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு சத்தத்திலிருந்து கிடைத்தது. 2006 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொன்றியலில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால், நிறுத்தி வைத்த ஒரு பழைய மோட்டர்ஹோமின் அடியிலிருந்து டிக், டிக், டிக் என்று கேட்டது. திறப்பு, அதாவது சாவி, வண்டிக்காரனின் கையில் இருந்தது. அந்தச் சத்தம் கேட்டிருக்கவே கூடாது.

கதையாக்கலாம் என்று உட்கார்ந்து மூன்று தொடக்கம் எழுதினேன்.

[நதியின் மேல் காலை வெயில் தகடு தகடாய்ப்] இந்தக் கதையில் நதிக்கு ஒரு வேலையும் இல்லை.

[மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான உறவு என்பது] எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

மூன்றாவது பரவாயில்லை. அதையே வைத்துக்கொள்கிறேன்: அருமைநாதனுக்குத் தானாக நின்றுபோகும் எதையும் பிடிக்காது.

2.

அருமைநாதன் மன்னார்க்காரன். துறைமுகப் பக்கம் ஒரு கராஜில் லொறி திருத்துகிறவன். மொன்றியலை அடுத்த லொங்குய்யில் ஒரு கிழவரிடம் 1977ஆம் ஆண்டு மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கினான். உள்ளே அடுப்பு, கட்டில், மண்ணிறப் பூப்போட்ட திரைச்சீலை எல்லாம் இருந்தன. ஓடத்தான் மாட்டேன் என்றது. எஞ்சினுக்குப் பெற்றோல் அடிக்கும் பம்ப் செத்துப்போயிருந்தது. அந்த வருசம் றிகோ மலையிலுள்ள மாதா கெபி யாத்திரைக்கு மனைவி அக்னெஸை அதில் கூட்டிப்போவதாகக் கோயில் முழுக்கச் சொல்லித் திரிந்துவிட்டான். ஆகவே மின்சார பம்ப் ஒன்றை வாங்கிப் பூட்டினான்.

அக்னெஸ் ஒரு கார்டறியில், குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறவள். மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தவள், கையில் கிடைக்கும் எதையும் வாசிக்காமல் விடமாட்டாள். பம்போடு வந்த தாளையும் வாசித்துவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, வண்டி இடிபட்டு எஞ்சின் நிண்டாலும், திறப்புப் போட்டபடி கிடந்தால் இது பெற்றோலை அடிச்சுக்கொண்டே இருக்குமாம். நிப்பாட்டுற சுவிச் ஒண்டு பூட்டோணும் எண்டு போட்டிருக்கு.”

“பேந்து பூட்டலாம்.”

“அப்ப நானும் பேந்து ஏறுறன்.”

(அடிக்குறிப்பாகப் போடவேண்டியது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போது அதற்குள் ஒயில் அழுத்தம் இருக்கும். நின்றால் அழுத்தம் விழும். இந்தச் சுவிச் அதைப் பார்த்துத்தான் பம்புக்கு மின்சாரத்தை விடும், அல்லது வெட்டும். ஸ்ராட் பண்ணும் நேரத்தில் அழுத்தம் இராது என்பதால், அந்தச் சில விநாடிக்கு ஸ்ராட்டரிலிருந்து வேறொரு வயர் கொடுக்க வேண்டும். எனக்கும் இது மூன்றாந்தரம் சொன்ன பிறகுதான் விளங்கியது.)

ஒரு சனிக்கிழமை பூட்டினோம். நான் ரோச் லைற் பிடித்தேன். அக்னெஸ் பக்கத்தில் நின்று பார்த்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அருமைநாதன் ஒரு வயரைக் கழற்றி அதை நிற்கப் பண்ணினான். திறப்பு போட்டபடியே இருந்தது. அடியில் பம்ப் இரண்டு மூன்று தரம் டிக் டிக் என்றுவிட்டு அடங்கியது.

“ஓம், இப்ப சரி. இனி ஏறலாம்” என்றாள்.

3.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது அருமைநாதன் மறுபடி என்னை ரோச் பிடிக்கக் கூப்பிட்டான். இந்த முறை அக்னெஸ் வேலையில். அவன் பற்றறியிலிருந்து பம்புக்கு நேரே ஒரு கள்ள வயர் இழுத்தான். நடுவில், ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பலகையில், ஒரு சிவப்புப் பொத்தான். ஒருதரம் அழுத்தினால் பம்ப் ஓடும், மறுதரம் அழுத்தினால் நிற்கும். சுவிச் என்ன சொன்னாலும் சரி, திறப்பு எங்கே கிடந்தாலும் சரி. பொத்தானை மறைக்க மேலே மடு மாதா படம் ஒன்றை ஒட்டினான்.

இந்த இடத்தில்தான் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. சனிக்கிழமை அவ்வளவு ஒழுங்காகப் பூட்டியவன் புதன்கிழமை ஏன் அதைக் கெடுக்கிறான்? வாசகர் நம்ப மாட்டார். அவனிடமே கேட்டேன்.

“நடுறோட்டிலை நிண்டுதெண்டால்?” என்றான்.

“நிண்டால் இறங்கித் தள்ளுவம்.”

“தள்ள விடாத றோட்டும் இருக்கு மச்சான்.”

பிறகு வண்டிக்கு அடியில் படுத்தபடியே சொன்னான். 1991. ஊரில் சண்டை, பெற்றோல் தடை. வான் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் பண்ண மட்டும் ஒரு போத்தல் பெற்றோல், சேலைன் ரியூப் வழியாக காபரேற்றருக்குச் சொட்டும். வானை ஓட்டியவன் அருமைநாதன். பக்கத்தில் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவன் வலன்ரைன், அக்னெஸின் தம்பி. எங்கோ ஷெல் விழுந்துகொண்டிருந்தது. வான் நின்றுவிட்டது. இவன் ஸ்ராட்டரை அடித்து அடித்துப் பார்த்தான். எஞ்சின்தான் நின்றது, பெற்றோல் நிற்கவில்லை. அது பாட்டுக்குச் சொட்டி வழிந்தது, பிறகு பற்றியது. அருமைநாதன் குதித்துவிட்டான்.

[வலன்ரைன் காலில் சிறு காயத்தோடு தப்பி, இப்போது பாரிசில்] இல்லை. முதல் பிரதியில் அப்படி எழுதினேன், மனம் கேட்கவில்லை. பிறகு வெட்டினேன். வலன்ரைன் தப்பவில்லை. போத்தல் அவன் கையிலேயே இருந்தது.

“என்ன வந்தாலும் போத்திலை விடாதை எண்டு சொன்னது நான்” என்றான் அருமைநாதன். “அக்னெஸுக்கு அது தெரியாது.”

நான் ரோச்சை அவன் முகத்திலிருந்து விலக்கினேன்.

4.

யாத்திரை நாள். பூசை முடிந்து பங்குச் சுவாமி வண்டியை ஆசீர்வதிக்க வந்தார். அக்னெஸ் பாடகர் குழுவில் பாடுகிறவள் என்பதால் விடியவே பஸ்ஸில் வந்துவிட்டாள். வண்டியில் அன்றுதான் முதல்தரம் ஏறினாள். ஏறியதும் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதையே அவளும் செய்தாள். மாதாவின் பாதத்தை விரலால் தொட்டு அழுத்தி, விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டாள். இருபது வருசமாக அவள் தொடுவதைப் பார்த்தவன் அருமைநாதன். எந்தப் படத்தையும் அவள் சும்மா விட்டதில்லை. பொத்தானைச் சரியாக மாதாவின் பாதத்துக்குப் பின்னால் வைத்தவனும் அவன்தான். எனக்கும் அது தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு இன்றுவரை வெட்கம்.

டிக், டிக், டிக்.

“என்ன அடிக்குது?”

“சூடு ஆறுது.”

“ஒரு மணித்தியாலமா நிக்கிற வண்டியிலை என்ன சூடு?”

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். சனிக்கிழமை அது அடங்கும்வரை கேட்டவள். படத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினாள், சத்தம் நின்றது. சுவாமி தீர்த்தச் செம்போடு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

அக்னெஸ் படத்தை முழுதாக உரித்தெடுத்தாள். படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “வலன்ரைன் ஏன் அந்தப் போத்திலைப் போட்டிட்டுக் குதிக்கேல்லை? நீங்கள் குதிச்சனீங்கள்தானே. பதினஞ்சு வரியமாக் கேக்கோணும் கேக்கோணும் எண்டு இருக்கிறன்.”

நான் கதவடியில் நின்றேன். ஒரு எழுத்தாளன் நின்று கேட்டிருக்க வேண்டிய இடம். நான் மண்டபத்துக்குப் போய், அங்கே பொரித்து வைத்திருந்த பற்றிஸ் தின்றேன்.

5.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவன் சொல்கிறான், அவள் அழுது மன்னிக்கிறாள். நடக்கலாம், ஆனால் இவ்வளவு சுருக்காகவா?

இரண்டு: அவன் சொல்கிறான், அவள் இறங்கி பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறாள், பிறகு [

மூன்று நடந்தது. றிகோவில் அவர்களைக் கண்டேன். இருவரும் அந்த வண்டியில்தான் வந்திருந்தார்கள். கள்ள வயர் இரண்டு முனையும் வெட்டி ஒட்டு ரேப் சுற்றிக் கிடந்தது. அருமைநாதனைத் தனியே பிடித்துக் கேட்டேன்.

“சொன்னியோ?”

“குறட்டாலை வயரை வெட்டினன். அவள் பாத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏறிப் பக்கத்துச் சீற்றிலை இருந்தாள்.”

“கேட்டதுக்கு மறுமொழி?”

“இன்னும் இல்லை.”

ஆகவே இந்தக் கதை இத்தனை காலம் என் மேசை லாச்சியில் கிடந்தது. அக்னெஸ் தமிழ்ச் சஞ்சிகை ஒன்று விடாமல் வாசிக்கிறவள், மரண அறிவித்தலிலிருந்து வீடு விற்கும் விளம்பரம்வரை. பெயரை மாற்றினாலும் போத்தலை மாற்ற முடியாது. அவன் அவளிடம் சொல்லும்வரை இது அச்சுக்குப் போகாது என்று அருமைநாதனுக்கு வாக்குக் கொடுத்தேன். இல்லாவிட்டால் அவன் வாயைத் தாண்டி அவளுக்குப் போகிற இன்னொரு கள்ள வயர் நான்.

இப்போது இது உங்கள் கையில் இருக்கிறது. அவன் சொல்லிவிட்டானா, நான் பொறுமையிழந்துவிட்டேனா என்று கேட்பீர்கள். அவனை நான் காட்டியிருக்கிறேன். நான் எப்படிப்பட்டவன் என்பதையும், பற்றிஸ்வரைக்கும், மறைக்கவில்லை. இனி நீங்களே சொல்லுங்கள்.