கானாவுக்கு ஏற்றிய பிரிட்ஜ்கள்

என் அக்காவின் கணவர் சிவானந்தன் அத்தான் லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பகுதியில் பழைய பிரிட்ஜ் ஏற்றுமதி செய்கிறவர். லண்டன்காரர் வாசலில் தூக்கிப் போடுவதைப் பொறுக்கி, துடைத்து, கொன்டெய்னரில் அடைத்துக் கானாவுக்கு அனுப்புவார். நான் அவரிடம் சம்பளத்துக்கு வான் ஓட்டுகிறேன். கேட்பவர்களுக்கு அத்தான் 'இன்டர்நேஷனல் டிரேட்' என்பார்.

ஆபிரிக்காவில் அவர் கால் வைத்ததில்லை. ஆனால் எந்தக் கல்யாண வீட்டிலும் அந்தக் கண்டத்தின் தலைவிதியை அவர்தான் எழுதுவார். "அதுகள் இன்னும் நூறு வருசத்துக்கு எழும்பாதுகள்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கப் பாயசம் கேட்பார். கவுன்சில் ஆபீசில் ஒரு வெள்ளைக்காரன் தன்னை மதிக்காமல் நிற்க வைத்ததை மட்டும் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிப் பொருமுவார்.

கொன்டெய்னரில் முன்வரிசையில் நிற்கப்போகும் பிரிட்ஜ்களை மட்டும் கரண்டில் செருகிப் பார்ப்பார். பின்வரிசை? "அக்ராவில இருந்து ஆர் திருப்பிக் கொண்டு வரப்போகினம்?"

வாங்குகிறவர் ஒரே ஒருவர், கானாவின் தலைநகர் அக்ராவில் கடை வைத்திருக்கும் மிஸிஸ் அடுவா. அவர் நிறுத்தினால் பிரிட்ஜ் அடுக்கிவைக்கும் யார்டை மூடவேண்டியதுதான், கடன் கட்ட முடியாமல் வீடும் போய்விடும். 2007 கோடையில் அந்த அம்மா நேரிலேயே வந்துவிட்டார். சீனாவில் ஒரு கம்பெனி புதுப் பிரிட்ஜ் தருகிறதாம், இனிமேல் பழசு வேண்டாமாம்.

அத்தானுக்கு வியர்த்துவிட்டது. அப்போதும் பாடம் நடத்தாமல் இருக்க முடியுமா அவரால்? தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொடங்கினார். சீனர்களை நம்பாதீர்கள், உங்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டு போவார்கள், வெள்ளைக்காரனுக்கு அடிமைப்பட்டுக் கிடப்பது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

"எங்களையும் அதே வெள்ளைக்காரர்கள்தான் ஆண்டார்கள்" என்றார் அந்த அம்மா. "சீனர்கள் லாபத்துக்குத்தான் வருகிறார்கள், அதுவும் தெரியும். ஆனால் அந்தக் கம்பெனிக்காரர் என் கடைக்கு வந்தார். எங்கள் ஊரில் கரண்ட் எப்படிப் போய் வருகிறது என்று கேட்டு, அதைத் தாங்குகிற பிரிட்ஜாகச் செய்து தருகிறார். நீங்கள் அனுப்பியதில் பாதி குளிரவே இல்லை. இத்தனை வருடத்தில் நீங்கள் என்னிடம் என்ன கேட்டீர்கள்?"

காசு எப்போது வரும் என்பதைத் தவிர அத்தான் எதையும் கேட்டதில்லை. இப்போதும் "விலை குறைக்கலாம்" என்றுதான் இழுத்தார். அந்த அம்மா மரியாதையாகக் கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். என் சம்பளமும் சேர்ந்து போகிறது என்பது வேறு விஷயம்.

"நன்றி கெட்ட சனம்" என்றார் அத்தான். பிறகு கம்ப்யூட்டரில் உலகப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினார். "கானாவை விடு. அதையும் விடக் கீழ கிடக்கிற நாடு எதடா, ஞானம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கட யாழ்ப்பாணத்துக்கு அனுப்புங்கோ அத்தான். சண்டையில றோட்டையும் பூட்டிப்போட்டாங்கள், கரண்டும் இல்லை. பிரிட்ஜ் குளிருதோ இல்லையோ, அங்க ஆர் கேக்கப்போகினம்?"

அறைவார் என்றுதான் நினைத்தேன். அவர் படத்தில் இலங்கையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கப்பல் போகுதோ?" என்று கேட்டார்.