பாதி வளைவு

பூக்கள் வழி முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்தன. வேனின் பின்பக்கம், குளிர்பெட்டிகளுக்குள், தாளில் சுற்றியபடி ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. பியோனி என்ற அந்தப் பூ மொட்டாக இருக்கும்போது கோலிக்குண்டு. விரிந்தால் ஒரு கிண்ணம் கொள்ளாது. கோலிக்குண்டாக வாங்கிக் குளிரில் தூங்கவைத்து, விருந்தாளிகள் நாற்காலியில் உட்காரும் நேரத்துக்குக் கிண்ணமாக எழுப்பிவிடுவதுதான் என் அண்ணியின் வித்தை. “நாளைக்குச் சாயங்காலம் விரியும்” என்று அவள் சொன்னால், பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல இருக்கும்.

நான் பூக்காரி இல்லை. ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்கிற வெல்டிங் பட்டறையில் வேலை. அதனால் அண்ணி என்னைக் கம்பி என்றுதான் கூப்பிடுவாள். மணமக்கள் நிற்கப்போகிற வளைவை நான்தான் மெல்லிய இரும்புக் குழாயில் செய்திருந்தேன். திருடனைத் தடுப்பதற்காக இல்லாமல், அழகுக்காக மட்டும் நான் வளைத்த முதல் இரும்பு அது. இரண்டு துண்டாக வேனின் கூரையில் கட்டிக்கொண்டு வந்தோம். வழியில் ஒவ்வொரு மேட்டிலும் நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டேன்.

“அது விழாது. நீ விழுந்துடாதே” என்றாள் அண்ணி.

இந்தக் கல்யாணம் அவளுக்கு வெறும் வேலை இல்லை. பத்து வருஷம் ஒரு பெரிய பூக்கடையில், இன்னொருவர் பெயரில் பூச்செண்டு கட்டினாள். போன மாதம்தான் வெளியே வந்து தன் பெயரில் முதல் வேலையை ஏற்றுக்கொண்டாள். பழைய முதலாளி கோபிக்கவில்லை. “உன் மேசையை யாருக்கும் தரமாட்டேன். இந்தக் கல்யாணம் முடிஞ்சதும் வந்து உக்காரு” என்று சிரித்தார். என் அண்ணனும், “போய்ப் பாரு. சரிவரலைன்னா மேசை இருக்கவே இருக்கு” என்று ஆறுதல்தான் சொன்னான். அந்த மேசை இருக்கிறதே என்பதுதான் அண்ணியைத் தூங்கவிடாமல் செய்தது.

கடலோரத்து ஓட்டலின் பின்வாசலில் வேனை நிறுத்தியபோது காலை வெயில் இன்னும் இதமாக இருந்தது. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, பேசுகிற வாக்கியத்தின் நடுவில் எல்லாம் ஹலோ ஹலோ என்று சொல்கிற ஒரு பையன் ஓடிவந்தான். கல்யாண ஏற்பாடுகளைக் கவனிப்பவன். அப்போதே அவனுக்கு ஹலோ என்று பெயர் வைத்துவிட்டேன்.

“மேடம், கல்யாணம் இன்னிக்கே. நாளைக்குப் புயலாம். ஹலோ, ஆமா, நாற்காலி எல்லாம் வெளியே போடுங்க. விருந்தாளிங்க வந்தாச்சு, பாதிரியும் வந்தாச்சு, நீங்க மட்டும்தான் பாக்கி.”

“இன்னிக்கு எப்போ?”

“சூரியன் மறையறதுக்குள்ள.”

அண்ணி வேனின் பின்கதவைத் திறந்து, ஒரு பெட்டியை உடைத்து, ஒரு மொட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அடுத்ததை. அதற்கடுத்ததை. அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்குகிற மொட்டு சூடு கண்டால் சில மணி நேரத்தில் விரியும். அமுங்காதது வளராமலே வெட்டப்பட்டது. என்ன கெஞ்சினாலும் அது விரியாது. இதை அவள் எனக்கு வழியிலேயே சொல்லியிருந்தாள், ஏதோ எங்கள் வீட்டுச் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல.

“எப்படி இருக்கு அண்ணி?”

“கலந்து இருக்கு.” பெட்டியைத் தூக்கினாள். “இந்தக் கட்டடத்துல ரொம்பச் சூடான இடம் எதுன்னு கேளு.”

சலவை அறை. ஓட்டலின் அடித்தளத்தில், நீண்ட நடைபாதையின் கடைசியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் என் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. வட்டக் கதவுகளுக்குள் வெள்ளை விரிப்புகள் சுழன்றுகொண்டிருந்தன. பனிக்காலத்து ஊர் ஒன்றை யாரோ இயந்திரத்துக்குள் போட்டுச் சுற்றுகிறார்கள் என்று நினைத்தேன். நடுவில், கையில் இஸ்திரிப் பெட்டியோடு ஒரு பருத்த பெண்மணி நின்றிருந்தார்.

“எல்லாரும் அழுக்குத் துணியோட வருவாங்க” என்றார். “நீங்க வாளியோட வர்றீங்க.”

“அக்கா, சாயங்காலம் வரைக்கும் இந்த அறையில ஒரு மூலை வேணும்” என்றாள் அண்ணி.

“மூலையா? நாளைக்கு வேண்டிய மேசைவிரிப்பு எல்லாம் இன்னிக்கே வேணும்னு அந்த ஹலோ சொல்லிட்டுப் போயிட்டான். எனக்கே நிக்க இடமில்ல.” அவரும் அவனை ஹலோ என்றுதான் சொன்னார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

“விரிப்பை நாங்க மடிச்சுத் தர்றோம்.”

“பூவோட பிசின் என் துணில பட்டுது, உங்க ரெண்டு பேரையும் மெஷின்ல போட்டுடுவேன். சொல்லிட்டேன்.”

“போடுங்க. ஆனா வெந்நீர்ல போடுங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு மேசையைக் காலால் தள்ளி இடம் விட்டார்.

வேலை தொடங்கியது. காம்பின் அடியைச் சாய்வாக வெட்டி, கை பொறுக்கும் சூட்டில் இருந்த தண்ணீரில் நிறுத்தவேண்டும். பியோனி மொட்டின்மேல் தேன்போல ஒரு பிசின் இருக்கும். அது காய்ந்து இதழ்களை ஒட்டிவிடும். குழாயடியில் அதைக் கழுவி, உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டவேண்டும். கண்ணில் பீளை கட்டிய பூனைக்குட்டிக்கு முகம் துடைப்பதுபோல அண்ணி ஒவ்வொன்றாகக் கழுவினாள். நான் துடைத்தவற்றில் முதல் பூ கழுத்தொடிந்து விழுந்தது.

“கம்பி, அது கேட் இல்ல.”

“தெரியுது அண்ணி.”

“தெரிஞ்சா சரி.”

நடுவே சலவை அக்காவோடு மேசைவிரிப்புகளின் இரண்டு முனைகளைப் பிடித்து மடித்தேன். விரிப்பு மடிய மடிய நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நோக்கி நடந்தோம். பழைய நடனம் ஒன்றைப்போல. மூன்றாவது விரிப்பில் அவர், “உங்க அண்ணி எப்பவும் இப்படித்தானா? வாயே திறக்கமாட்டாளா?” என்று கிசுகிசுத்தார்.

“பயந்தா பேசமாட்டாங்க.”

“ரொம்பப் பயந்திருக்காபோல.”

மதியம் மணப்பெண்ணின் பெரியம்மா இறங்கிவந்தார். பெண்ணுக்கு அம்மா இல்லை. அந்த இடத்தைத் தான் ஒருத்தியே நிரப்பவேண்டும் என்று நினைத்து, காலையிலிருந்து யாரையும் உட்காரவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தார். வாளிகளைப் பார்த்தார். எல்லாம் மூடியே இருந்தன.

“என்னம்மா இது, முட்டைக்கோஸா?”

“விரியும்மா. சூடு இப்பதான் ஏறுது.”

“ஏறட்டும். ஓட்டல்காரங்ககிட்ட துணிப்பூ வச்ச வளைவு ஒண்ணு ரெடியா இருக்கு. நல்லாத்தான் இருக்கு, தூசி தட்டச் சொல்லிட்டேன். எனக்குப் பூ மேல ஒண்ணும் கோபம் இல்ல. ஆனா என் பொண்ணு மொட்டைக் கம்பிக்குக் கீழ நிக்கக்கூடாது. வெயில் இறங்கும்போது வந்து பாப்பேன். உங்க வளைவு நிறைஞ்சிருந்தா உங்களுது. இல்லன்னா அதை எடுத்துட்டு வந்துருவாங்க.”

“சரிம்மா” என்றாள் அண்ணி. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் அடுத்த மொட்டை எடுத்துக் குழாயடியில் நீட்டினாள்.

பூ விரிவதை யாரும் பார்த்துவிட முடியாது. நான் அன்று வெகுநேரம் ஒரே பூவை உற்றுப் பார்த்தேன். அது அசையவே இல்லை. விரிப்பு ஒன்றை மடித்துவிட்டுத் திரும்பினால் வெளி இதழ் இரண்டு சரிந்திருந்தன. இன்னொன்றை மடித்துவிட்டு வந்தால் உள்ளிருந்து இளஞ்சிவப்பு பிதுங்கியது. பிறகு பக்கத்து வாளியிலும். பிறகு மேசை முழுக்க. சலவைச் சோப்பின் வாசனையை ஊடுருவிக்கொண்டு இன்னொரு வாசனை எழுந்தது. இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு அக்கா மூக்கை உறிஞ்சினார்.

“அடி ஆத்தி” என்று மெல்லச் சொன்னார்.

நான் உற்சாகத்தில் வளைவை மணலில் நட்டு நிறுத்தப் போனேன். இரண்டு துண்டையும் உச்சியில் பொருத்தி, அடியில் மணல்மூட்டை வைத்து, தள்ளிநின்று பார்த்தேன். கடல் அதற்குள் சட்டம் போட்ட படம்போல நின்றது. என்னை நானே பாராட்டிக்கொண்டு கீழே ஓடினேன்.

அண்ணி வாளிகளை இரண்டு வரிசையாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒரு வரிசையில் கிண்ணம் கிண்ணமாகப் பூக்கள். இன்னொன்றில் காலையில் இருந்த அதே கோலிக்குண்டுகள். இரண்டும் ஏறக்குறைய சமம்.

“இன்னும் நேரம் இருக்கே அண்ணி.”

“நேரம் இருந்தாலும் இது விரியாது.” ஒன்றை என் விரலில் வைத்து அழுத்தவைத்தாள். கல். “இந்தப் பூவைத் தந்த தோட்டக்காரர் சொன்னார், இன்னும் ரெண்டு நாள் செடியில இருக்கட்டும்னு. தூரப் பயணம், இறுக்கமா இருக்கும்போதே வெட்டுங்கன்னு நான்தான் அடம் பிடிச்சேன். என் கணக்கு தப்பாகாதுன்னு திமிரு.” அவள் குரலில் அழுகை இல்லை. எடை போட்டுச் சொல்வதுபோல இருந்தது. “பாதி வளைவுக்குத்தான் பூ இருக்கு.”

ஹலோ அதே நேரம் பார்த்து வந்தான். அவன் கை நிறையத் துணிப்பூ. “மேடம், ஒரு ஐடியா. கலந்துடலாம். மேல உங்க பூ, கீழ இது. போட்டோல சத்தியமா தெரியாது.”

உண்மையாகவே தெரியாது. நிறம் அவ்வளவு பொருந்தியது. “கலந்துடலாம் அண்ணி” என்று நானும் சொன்னேன். “நிறைஞ்சிருக்கணும்னுதானே அவங்க சொன்னாங்க.”

“போட்டோவுக்குத் தெரியாது” என்றாள் அண்ணி. “அந்தப் பொண்ணு ஒரு கை தூரத்துல நிப்பா. அவளுக்கு மூக்கு இருக்கு.” துணிப்பூ ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்து, மரியாதையாக அவன் கையிலேயே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “கம்பி, ரம்பம் கொண்டுவந்திருக்கியா?”

“எதுக்கு?”

“வளைவைப் பாதியா வெட்டு.”

“அதை வளைக்க ராத்திரி ராத்திரியா உக்காந்தேன் அண்ணி. ஒரு கோணல் இல்லாம வந்துருக்கு. போய்ப் பாருங்க.”

“பாத்துட்டேன். அழகா இருக்கு. அதனாலதான் கேக்குறேன். முழு வளைவுல பாதி பூ இருந்தா, பூ தீந்துபோச்சுன்னு நினைப்பாங்க. பாதி வளைவு முழுக்கப் பூவா இருந்தா, வளைவே அவ்வளவுதான்னு நினைப்பாங்க. வேணாம்னா சொல்லு. உன் இரும்பு.”

என் இரும்பு என்று அவள் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது. ரம்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

சரிபாதியில், பொருத்திய இடத்திலேயே கழற்றினால் குச்சிபோல நிற்கும். உச்சியைத் தாண்டி ஒரு முழம் விட்டு வெட்டினேன். அப்போது அது கரைக்கு வந்து மடங்கப்போகிற அலைபோல முன்னால் வளைந்து நின்றது. ஒற்றைக் காலில் நிற்கவேண்டும் என்பதால் குழியை இன்னும் ஆழமாகத் தோண்டினேன். இருந்த மணல்மூட்டை எல்லாவற்றையும் ஒரே பக்கம் அடுக்கினேன். வெட்டுவாயை அரத்தால் தேய்த்து மழுக்கினேன். வெட்டி எடுத்த மற்ற பாதியை நாற்காலிகளுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டபோது அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணி ஏணியில் ஏறினாள். நான் ஒவ்வொரு பூவாக நீட்டினேன். ஒன்றைச் செருகிவிட்டுக் கீழே இறங்கித் தள்ளிநின்று பார்ப்பது, மறுபடி ஏறுவது. காற்று கொஞ்சம் கொஞ்சமாக வலுத்தது. குழாய் அசைந்தது, ஆனால் சாயவில்லை. கடைசிப் பூவை அலையின் நுனியில், மணப்பெண்ணின் தலைக்கு மேலே தொங்கும்படி வைத்தாள். வாளியில் மிச்சம் இல்லை.

வெயில் இறங்கும்போது பெரியம்மா வந்தார். பின்னால் இரண்டு பேர் துணிப்பூ வளைவைச் சுமந்துகொண்டு வந்தார்கள். எங்களுடையதைப் பார்த்ததும் அவர் நடை நின்றது.

“மீதி எங்க?”

“மீதி விரியலம்மா” என்றாள் அண்ணி. “என்னோட தப்பு. விரிஞ்சதை மட்டும் வச்சிருக்கேன். இதுக்குமேல நான் எதையும் சேர்க்கமாட்டேன். வேண்டாம்னா எடுத்துடுறேன்.”

பெரியம்மா சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் பூதான், கம்பி தெரியவில்லை. சுமந்து நின்றவர்களில் ஒருவர், “எங்கம்மா வைக்கிறது? கை வலிக்குது” என்றார். பெரியம்மா மறுபடி முன்பக்கம் வந்தார்.

அதற்குள் மணப்பெண்ணே வந்துவிட்டாள், முடி பாதி பின்னியபடி, காலில் செருப்பு இல்லாமல். யாரோ அவளிடம் போய் வம்பு சொல்லியிருக்கவேண்டும். நேராக வளைவுக்குக் கீழே போய் நின்று, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பிறகு இந்தப் பக்கம் பார்த்தாள், பூ இல்லாத அந்தப் பக்கம் பார்த்தாள்.

“நான் இங்க நிக்கிறேன்” என்றாள். “அவன் அந்த வெறும் பக்கம் நிக்கட்டும்.”

“ஏன்டி, அவனுக்கு ஒரு பூவாவது வேணாமா?” என்றார் பெரியம்மா.

“வேணும்னா கிட்ட வந்து நிக்கட்டும்.”

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்க முயன்று தோற்றார். “கொண்டுபோங்கப்பா அதை” என்று சுமந்து நின்றவர்களை அனுப்பினார். அண்ணியைக் கடக்கும்போது நின்று, “நிறைஞ்சிருக்கணும்னு சொன்னேன். நிறைஞ்சுதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பெண்ணின் முடியைப் பின்ன இழுத்துக்கொண்டு போனார்.

கல்யாணத்தை நாங்கள் சமையலறையின் பின்கதவில் நின்று பார்த்தோம். பார்த்தோம் என்றாலும் பார்த்தது நான் மட்டும்தான். அண்ணி கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பழைய முதலாளிக்குப் போன் போட்டாள்.

“நான்தான் பேசுறேன். பாதிதான் விரிஞ்சுது… ஆமா, என் தப்புதான். நானே சொல்லிட்டேன்… இல்ல, அதுக்காகக் கூப்பிடல. அந்த மேசையை வேற யாருக்காவது குடுத்துடுங்க… இல்ல முதலாளி, யோசிச்சாச்சு.”

அவர் என்ன சொன்னாரோ, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நன்றி என்று இரண்டு தடவை சொன்னாள். வைத்துவிட்டு, மூச்சுவிடக்கூட நிற்காமல் தோட்டக்காரரை அழைத்தாள்.

“அண்ணே, அடுத்த தடவை மொட்டை நீங்களே அழுத்திப் பாத்து வெட்டுங்க. நான் என்ன கத்தினாலும் கேக்காதீங்க.” அந்தப் பக்கம் ஏதோ கேட்டார். அண்ணி கடற்கரையைப் பார்த்தாள். அங்கே மாப்பிள்ளை ஒரு அடி நகர்ந்து பூவுக்குக் கீழே வந்திருந்தான்.

“எப்போன்னு தெரியல” என்றாள். “நீங்க செடியைப் பாத்துக்கங்க. வேலையை நான் கொண்டுவர்றேன்.”